நிறம் என்ற ஒன்பதாவது கட்டம்

எங்கள் பள்ளியின் வடக்கு வராந்தாவில், ஆறாம் வகுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் உள்ள சுவரில், ஆண்டுக்கு ஒரு முறை கைகள் தெரியும். மே மாதம் வெள்ளையடிப்பார்கள். ஜூன், ஜூலையில் சுவர் சுத்தமாக இருக்கும். ஐப்பசி மழை பிடித்து நாலைந்து நாள் ஆனதும் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பழுப்பாக ஏதோ கசியத் தொடங்கும். முதலில் ஈரக்கறை என்று தோன்றும். பிறகு விரல்கள் பிரியும். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். எந்த நாளில் முதல் விரல் தெரிந்தது என்று ஒவ்வோர் ஆண்டும் டைரியில் குறித்திருக்கிறேன்.

அந்தக் கைகளை அங்கே வைத்தவர் எங்கள் டிராயிங் டீச்சர். அவருடைய வேலை போனதற்கு நான் காரணம். இதை மட்டும் டைரியில் எழுதியதில்லை.

எழுபதுகளின் நடுவில் அது. நான் அறிவியல் ஆசிரியை. ஆசிரியர் சங்கத்தின் செயலாளரும் நானே. என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் கையெழுத்தைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் மாற்ற, விடுப்பு எடுக்க, மின்விசிறி பழுது பார்க்க, எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. எல்லா ஆசிரியர்களின் படிவங்களும் என் மேஜைக்கு வரும். ஒரு எழுத்தைக்கூட அடிக்காமல் எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

டிராயிங் டீச்சர் டெம்பரரி. ஒவ்வொரு ஜூனிலும் புது ஆர்டர் வந்தால்தான் வேலை. பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஊரோடு சேர்ந்து, ஊருக்கு வெளியே தனியாக இருந்த தெருவும் போனது. அவர் அந்தத் தெரு. அவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஸ்டாஃப் ரூமுக்கு இது தெரிந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் டம்ளர்கள் தட்டில் இருந்தன, அவருடையது ஜன்னல் விளிம்பில் இருந்தது. யார் அங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றன்றைய வெயிலையும், காற்றில் வந்த கரித்தூளையும் தவறாமல் எழுதியவள் நான். அந்த டம்ளரைப் பற்றி என் டைரியில் ஒரு வரி இல்லை.

அவருடைய பீரியடுகளை மற்றவர்கள் பிடுங்கிக்கொள்வது வழக்கம்.

"போர்ஷன் முடியல டீச்சர், உங்க பீரியட நான் எடுத்துக்கிறேன்" என்பார் கணக்கு வாத்தியார்.

"எடுத்துக்குங்க சார். வட்டம் வந்தா மட்டும் என்னைக் கூப்புடுங்க. நீங்க போடறது முட்டையா இருக்குதுன்னு பசங்க சொல்லிக்கினு திரியுதுங்க."

ஒரு நாள் ஆறாம் வகுப்பில் எனக்கு அடுத்த பீரியட். வாசலில் காத்திருந்தேன். உள்ளே ஒரு சிறுமி, "டீச்சர், தோல் கலர் இல்ல, குடுங்க" என்று கேட்டாள். கிரேயான் பெட்டியில் இளஞ்சிவப்பாக ஒரு குச்சி இருக்குமே, அதற்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அது. மனிதர்களை வரைந்தால் எல்லோருக்கும் அதையே பூசுவார்கள். அம்மா, அப்பா, பால்காரர், எல்லோரும் இளஞ்சிவப்பு.

"யாரு தோலு?" என்றார் டிராயிங் டீச்சர்.

"எல்லார் தோலுந்தான் டீச்சர்."

"அப்படியா? அந்தக் குச்சிய உன் கை பக்கத்துல வை. உன் தோலா அது?"

வகுப்பே தன் கையைப் பார்த்தது.

அடுத்த வாரம் பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, பசையில் குழைத்து, மஞ்சளும் காவியும் சேர்த்து, பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தன் கைக்குப் பொருந்தும் வரை கலக்கச் சொன்னார். "நம்ம ஊருக்குக் கலர் கடையே வேணாம், காத்துலயே வருது" என்றார். சுவரில் கையை வைத்துக் கோடு இழுத்து, அவரவர் கலந்த நிறத்தை உள்ளே பூசினார்கள். நாற்பத்திரண்டு கைகள். இரண்டு ஒன்றுபோல் இல்லை. கடைசியாக ஒரு டப்பாவில் தன் நிறத்தைக் கலந்து, தன் கையையும் வைத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு கை அளவு இடம் விட்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஒரு மாணவியின் அம்மா வந்தார். தலைமையாசிரியர் அறையில் அவர் பேசியது வராந்தா முழுக்கக் கேட்டது.

"எம் பொண்ணு எலுமிச்சம்பழ நெறம் சார். இங்க அட்டக்கரியா பூசி வச்சிருக்காங்க. அதுவும் யாரோட கை பக்கத்துல!"

அன்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "தன்னோட கலர ஊருக்கே அடிச்சிட்டாங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இல்லை. சிரித்தேன்.

ஆனாலும் மறுநாள் சங்கத்தின் கடிதத்தோடு தலைமையாசிரியரிடம் போனது நான்தான். இரண்டு கோரிக்கைகள். சுவரை அந்த ஆண்டு முடியும் வரை அழிக்கக் கூடாது. மே மாதம் சென்னையில் ஓவிய ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிக்கு இவரை அனுப்ப வேண்டும்.

"அவங்க டெம்பரரி டீச்சர். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"டிரெயினிங் முடிச்சா பெர்மனென்ட் பண்ணலாம்னு ரூல் இருக்கு சார். கீழ நம்பரோட எழுதியிருக்கேன்."

கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "நீங்க எழுதினா தப்பு இருக்காது" என்று கையெழுத்திட்டார். அன்றைய டைரிக் குறிப்பு ஒன்றரைப் பக்கம். அவ்வளவு சந்தோஷம்.

படிவம் ஒன்றே ஒன்று வந்தது. அது வெள்ளிக்கிழமைத் தபாலில் சேர்ந்தாக வேண்டும். புதன்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, ஸ்டாஃப் ரூமில் நானும் அவரும் உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். புகைப்படம் கேட்காத படிவம் என்பதால் அடையாளங்கள் கேட்டிருந்தார்கள். எட்டாவது கட்டம் உயரம். ஒன்பதாவது நிறம். அந்தக் கட்டத்துக்கு மட்டும் அவரைக் கேட்காமல் 'மாநிறம்' என்று எழுதினேன். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவேன். பால்போல் வெளுத்தவர்களைத் தவிர இந்த ஊரில் எல்லோரும் மாநிறம்தான், படிவங்களில்.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னா டீச்சர் இது? நானா மாநெறம்?"

"இருக்கட்டும் டீச்சர். வேற மாதிரி எழுதினா நல்லா இருக்காது."

"கறுப்புன்னு எழுதுங்க. கறுப்புதானே நானு. சொவத்துல அவ்ளோ பெரிசா வச்சிட்டு, பேப்பர்ல மாநெறம்னு போட்டா புள்ளைங்க முன்னாடி எப்பிடி நிப்பேன்?"

அந்தச் சொல்லோடு எனக்கு இருந்த உறவு அவருக்குத் தெரியாது. திருநெல்வேலியில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என் அப்பா எழுதிய எல்லாக் கடிதங்களிலும் 'பெண் மாநிறம்' என்று இருக்கும். வந்து பார்த்த மூன்று வீட்டார் சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, 'கடிதம் போடுகிறோம்' என்று போனார்கள். நாலாவது வீட்டார் என் உத்தியோகத்தைப் பார்த்தார்கள். ஆனாலும் அப்பா அந்தச் சொல்லை மாற்றவில்லை. என் சர்வீஸ் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் நான் வெகுகாலமாக ஒளிந்திருந்தேன். அவருக்கு அதைக் கொடுத்தது இரக்கம் என்றே அப்போது நினைத்தேன்.

நான் பேனாவை மூடிவிட்டேன். அவர் தன் கையை மேஜைமேல், என் கைக்குப் பக்கத்தில், ஒட்டி வைத்தார்.

"பாருங்க டீச்சர். நாம ரெண்டு பேரும் ஒரே டப்பா. சொவத்துல உங்களுக்கும் எடம் வுட்டு வச்சிக்கினு இருக்கேன்."

என் கை பின்னால் வந்துவிட்டது. நான் இழுக்கவில்லை, தானாக வந்தது என்று பல ஆண்டுகள் எனக்கே சொல்லிவந்தேன். கையைப் புடவையில் துடைத்தேன். "சாக்பீஸ் தூள்" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய டம்ளர் இருந்தது. பிறகு படிவத்தை எடுத்து மடித்தார்.

"படிச்சுப் பாத்து சைன் போட்டு நாளைக்கு எடுத்தாரேன் டீச்சர்."

மறுநாள் காலை கொண்டுவந்தார். ஒன்பதாவது கட்டத்தில் 'மாநிறம்' ஒரே நேர்கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. மேலே அவருடைய அழகான எழுத்தில் 'கறுப்பு'. பக்கத்தில் சிறிய கையொப்பம்.

"அட்டெண்டன்ஸ்ல தப்பானா அடிச்சிட்டுப் பக்கத்துல சைன் பண்ணணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அப்பிடியே பண்ணிட்டேன்."

பள்ளிப் பதிவேட்டுக்கு அது சரி. இந்தப் படிவத்தின் கடைசி வரியில், பொடி எழுத்தில், 'அடித்தல் திருத்தல் உள்ள படிவங்கள் ஏற்கப்படமாட்டா' என்று அச்சிட்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்திருந்தேன். படிவம் என் கைக்கு வந்த நிமிடமே கவனித்திருந்தேன்.

கடலூரில் வேறு படிவம் கிடைக்கும். வடலூர் போய் பஸ் மாறினால் மாலைக்குள் திரும்பலாம். எனக்குத் தற்செயல் விடுப்பு நான்கு நாள் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமைத் தபாலுக்கு முழுதாக ஒரு நாள் இருந்தது. இவை எல்லாவற்றையும் அந்த மேஜை முன் நின்றபடி கணக்கிட்டேன். 'அவரே அடித்தது, அவரே பார்த்துக்கொள்ளட்டும்' என்றும் நினைத்தேன். 'ஒரே டப்பா' என்ற சொல் உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

உறையில் போட்டு, முகவரி எழுதி, ஒட்டினேன்.

அன்றைய டைரி: "டிராயிங் டீச்சரின் படிவம் தபாலில் சேர்த்தேன். வெயில். காற்றில் தூள் அதிகம்." அந்தப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

மூன்று வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. அவர் என்னைத் தேடி வந்து, "பரவால்ல டீச்சர். எனக்காவ நீங்க எச்.எம். கிட்டல்லாம் போய் நின்னீங்க. யாரு செய்வாங்க?" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். இன்றுவரை என்னைத் தூக்கத்தில் எழுப்புவது அந்த நன்றிதான்.

ஜூனில் புது ஆர்டர் வரவில்லை. ஓவிய அலமாரியின் சாவியை என்னிடம் கொடுக்க வந்தார்.

"டப்பா உள்ள இருக்குது. உங்க எடம் காலியாவே கெடக்கு. எப்பனா தோணுச்சின்னா வைங்க."

மே மாதமே அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. அதை அவர் வராந்தாவில் போகும்போது பார்த்திருப்பார். நின்றாரா என்று தெரியாது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஜன்னலில் இருந்த டம்ளரை யாரோ எடுத்துத் தட்டில் சேர்த்துவிட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். அதன் பிறகு தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் என் கையில் இருப்பது எது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

நெல்லிக்குப்பம் பக்கம் எங்கோ இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனத்தில் பார்த்ததாக இன்னொருவர். அங்கே ஏழு திரைகளில் முதலில் நீக்குவது கறுப்புத் திரை. டிராயிங் டீச்சர் அதைச் சொல்லிச் சிரிப்பார்: "சாமியப் பாக்கறதுக்குக்கூட மொதல்ல நம்ம கலரத்தான் தள்ளணும்." ஆண்டுதோறும் போகிறேன். கூட்டம் முழுவதும் ஜோதியைப் பார்க்கும்போது நான் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பல முறை அவருடைய முதுகைப் பார்த்திருக்கிறேன். கிட்டே போனால் வேறு யாரோ.

அதற்குப் பிறகு சங்கத்தில் சண்டை போட்டு, ஓவிய ஆசிரியர்களை ஆண்டுதோறும் பயிற்சிக்கு அனுப்பும்படி செய்தேன். அவர்களுடைய பீரியடை வேறு யாரும் எடுக்கக் கூடாது என்று தீர்மானமும் போட்டோம். என் அலமாரியில் எப்போதும் இரண்டு படிவங்கள் உபரியாக இருக்கும். ஒன்பதாவது கட்டம் வந்தால் பேனாவை அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் 'மாநிறம்' என்றே எழுதுகிறார்கள். இதற்காக என்னைப் பாராட்டிக் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த ஐப்பசியில் புதிய தலைமையாசிரியர் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வர்ற மே மாசம் ஆயில் பெயின்ட் அடிச்சிடலாம் டீச்சர். அப்புறம் இந்தக் கறை வராது."

அன்று மாலை பள்ளி விட்டதும் ஓவிய அலமாரியைத் திறந்தேன். டப்பா அடித்தட்டில் இருந்தது. மூடி துருப்பிடித்திருந்தது. ஒரு ஸ்பூனால் நெம்பினேன். உள்ளே அவர் கடைசியாகக் கலந்தது காய்ந்து, வெடித்து, கட்டியாக இருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தேன். வராந்தாவில் மழைச்சாரல். நாற்பத்திரண்டு கைகளும் தெரிந்தன. கடைசியில் அவருடைய கை, அதற்குப் பக்கத்தில் வெள்ளை இடம்.

அங்கே என் கையை வைத்துக் கோடு இழுத்தேன். உள்ளே பூசினேன். பூசியதற்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் போதுமானதாக இருந்தது. மஞ்சளோ காவியோ எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.