எனக்கும் பேர் போடவைத்த தாய்

போன வருஷம் ஆடி மாதம் நான் வெளிநாடு போவதாக இருந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அம்மனை நம்பியிருக்கும் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த நாட்களில் எனக்கு அந்த அம்மன் மேலேயே கோபம்.

மலைநாட்டில் ஹாலிஎல பக்கம் தேயிலை எஸ்டேட்டில் நானும் வீட்டுக்காரரும் வேலை செய்தோம். அதை விட்டுவிட்டு, பக்கத்துக் கிராமத்தில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸும், பீன்ஸ் காயான போஞ்சியும் போட்டோம். விதை, பசளை, மருந்து, லொறிக் கூலி, குத்தகை எல்லாவற்றையும் மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு போகத்திலும் கொஞ்சம் லாபம் என்றுதான் கொப்பி சொன்னது. கையில்தான் காசு நிற்கவில்லை. நிலம் போதாது, இன்னும் ஒரு ஏக்கர் எடுத்தால் சரியாகிவிடும் என்றார் வீட்டுக்காரர். அதற்கு முதலாகப் போடப் பணம் வேண்டும். நான் இரண்டு வருஷம் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனால் முதல் வரும். கொப்பியைப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தேன்.

உடம்பும் ஓய்ந்துபோனது. மழையில் களை பிடுங்க வேண்டும், வெயிலில் தண்ணீர் சுமக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. எங்கள் லயத்துக் குடியிருப்புக் கோயிலில் மாரியம்மா முன்னால் நின்று கேட்டேன். "தாயே, லீக்ஸுக்கு வெல ஏத்திக் குடு. என் புள்ளய விட்டுப் போக வச்சிராத." ஒன்பது செவ்வாய் விரதம் இருந்தேன். விலை இன்னும் இறங்கியது.

அந்த வாரம் லீக்ஸ் பிடுங்க ஆள் போதவில்லை. முன்பு எஸ்டேட்டில் என்னோடு கொழுந்து எடுத்த செல்வியைக் கூலிக்குக் கூப்பிட்டேன். சாயந்தரம் கொப்பியில் அவளுக்கு ஒரு பேர் எழுதினேன். ஒரு நாள் கூலியைத் தோட்டத்தில் பேர் என்றுதான் சொல்வோம். செல்வி எட்டிப் பார்த்தாள்.

"எனக்குப் பேரு போட்டிருக்க. ஒனக்கும் அண்ணனுக்கும் எங்க?"

நானும் வீட்டுக்காரரும் நமக்கு நாமே என்னத்தைப் போடுவது என்று கேட்டேன்.

"தோட்டத்துல அரப் பேரு கொறஞ்சாலே கணக்கப்பிள்ளகிட்ட சண்டைக்கு நிப்பியே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் கொப்பியைத் திரும்பப் புரட்டினேன்; எங்கள் பேர் எங்கேயும் இல்லை. மாரியம்மாதான் செல்வி வாயால் கேட்டாள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

வீட்டுக்குப் போய் நானும் வீட்டுக்காரரும் எங்கள் இருவருக்கும் நாளுக்கு ஒரு பேர் போட்டு முதலிலிருந்து எழுதினோம். மொத்தத்தில் லாபம் என்று இருந்தது நட்டமானது. லீக்ஸ் எங்கள் உடம்பைத் தின்றுதான் கொப்பியில் லாபம் காட்டியிருக்கிறது. இன்னும் ஒரு ஏக்கர் எடுத்தால் நட்டமும் கூடத்தான் செய்யும். போஞ்சி மட்டும் எங்கள் கூலி போகவும் நட்டமில்லாமல் நின்றது. வீட்டுக்காரர் கொப்பியை மூடி வைத்தார்.

"நீ போக வேணாம் புள்ள" என்றார் கடைசியில்.

பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நான் மறுபடியும் கொழுந்துக்குப் போகிறேன். அவர் போஞ்சி மட்டும் போடுகிறார், தன் கூலியை முதலில் எழுதிக்கொண்டு. பெரிய வசதி எதுவும் வந்துவிடவில்லை. இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு.

கேட்டது கிடைக்காமல் அம்மன் மேல் மனத்தாங்கலோடு இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். யார் வாயிலிருந்து பதில் வரும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் பேசினால் காது கொடுங்கள்.

போன ஞாயிறு நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனேன். கும்பிட்டு உட்கார்ந்தவள், நன்றி சொல்வதற்குள் அம்மன் முன்னாலேயே தூங்கிப்போனேன். மகள்தான் வந்து எழுப்பினாள்.