மிளகில் ஏறிய ஈரம்

மட்டாஞ்சேரியில் மூன்று நாளாக மழை. மிளகுக் கிட்டங்கி வாசலில் ஒதுங்கி நிற்கிறேன். நாளை எர்ணாகுளத்தில் இயற்பியல் மாநாட்டில் வாசிக்க வேண்டிய கட்டுரை பையில் இருக்கிறது. ஒளித்துகளுக்குத் துளி எடை இருந்தால்கூட, நட்சத்திரத்திலிருந்து வரும் நீண்ட ரேடியோ அலைகள் (அவையும் ஒளிதான்) குறுகிய அலைகளைவிடச் சற்றுப் பிந்த வேண்டும். ஆறு வருடம் அளந்தேன். பிந்தித்தான் வருகின்றன.

எடை போடும் காதர் பாய், நான் தமிழ் என்றதும் சாயா தருகிறார். விஷயத்தைச் சொல்கிறேன். கேட்டபடியே சாக்கிலிருந்து ஒரு மிளகை எடுத்துக் கடிக்கிறார். காய்ந்த மிளகு நொறுங்கும் சத்தமே வரவில்லை. சாக்கைத் தராசிலிருந்து இறக்கச் சொல்கிறார்.

“ஈரம் ஏறிடுச்சு சாரே. இப்ப தூக்கினா மிளகோட எடையா, மழையோட எடையான்னு யாரு சொல்வா? உங்க நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணும் இல்லியா?”

“வாயு இருக்கு பாய். அதுவும் அலையைத் தாமதப்படுத்தும். உத்தேசமாக் கழிச்சிட்டேன். மிச்சம்தான் எடை.”

“உத்தேசமாவா?” அவர் சிரிக்கவில்லை. “எங்களுக்குச் சிங்க மாசம், உங்க ஆவணியில, வெயில் வரும், காயப்போட்டு மறுபடி தூக்குவோம். நீங்க என்ன செய்வீங்க?”

சாயா ஆறிப்போகிறது. பையைத் திறந்து பார்க்கிறேன். ‘ஒளிக்கு எடை உண்டு’ என்ற முதல் வரி கொஞ்சம்கூட நனையாமல் இருக்கிறது.