நாயகம் அண்ணையின் கோடும் என் புள்ளியும்

காலை வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட இராசநாயகம்" என்று வாசித்தார்கள். அந்தப் பெயரில் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். அடுத்ததாக "ஆஸ்பத்திரியின் முன்னாள் இயந்திரத் திருத்துநர்" என்று வந்தது. அப்படி ஒருவர்தான் இருந்தார். பாதிச் சவரத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன். துக்கம் வரவில்லை. பதினொரு வருடமாக அவர்மீது வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற யோசனைதான் வந்தது.

"ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வாங்கோவன்" என்றாள் மனைவி.

"அவர் என்ர முகத்தைப் பாக்கப் போறாரோ?"

"அவருக்கில்லை. பரிமளம் அக்காவுக்கு."

நான் போகவில்லை. எட்டாம் நாள் கடமைகள் முடிந்த மறுநாள் அவரது மனைவி பரிமளம் அக்காவே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள், அதற்கு நான் எழுத வேண்டும் என்றார்.

"நான் எழுதினா நல்லா இராது அக்கா."

"நல்லது எழுத ஊரே இருக்கு. ஆஸ்பத்திரி ஆக்கள், கோயில் சபை, எல்லாரும் எழுதித் தந்திட்டினம். நீங்கள் உள்ளதை எழுதுங்கோ."

அதனால் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் இதை வாசிக்கும்போது முகம் சுளிக்கக்கூடும். என்னை அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இப்போது இல்லை.

நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கடல் தெரியும் ஒரு நீண்ட அறையில் வேலை செய்தோம். பழுதான கருவிகளைத் திருத்துவது எங்கள் வேலை. அவர் கடைசல் இயந்திரத்தில் நிற்பார். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன் என்பதால் படம் வரைவதும் அளவு எடுப்பதும் என் பொறுப்பு. அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைத் தாசன் என்பார். யுத்தத்தால் கொழும்பிலிருந்து உதிரிப்பாகங்கள் வருவது நின்றுபோயிருந்த காலம். ஒரு தடவை பாவித்து எறியவேண்டிய பிளாஸ்ரிக் இணைப்புகளை நேர்ஸ்மார் அவித்து அவித்துப் பாவித்தார்கள். அவை நெளிந்து, குழாயோடு பொருந்தாமல் கசிந்தன. இரும்பு வளையம் போட்டு இறுக்கினால் கடற்காற்று இரண்டு மாதத்தில் அதைத் தின்றுவிடும். கடைசியில் எல்லாவற்றையும் நூலாலும் பிளாஸ்ரராலும் கட்டிவைத்திருந்தார்கள்.

"உங்கட அறையில கசியாத சாமான் எண்டா அந்தத் தேத்தண்ணிப் போத்தில் ஒண்டுதான்" என்று நேர்ஸ்மாரின் தலைவியான மேற்றன் ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்.

நாயகம் அண்ணை நிமிராமலே, "அதுவும் கசியுது மிஸி, தாசன்ர வாய்ப்பக்கமா" என்றார்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. வெருகல் பக்கத்து விவசாயி ஒருவரை நெஞ்சில் காயத்தோடு கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்குள் சேரும் காற்றையும் இரத்தத்தையும் வெளியே எடுக்க ஒரு குழாயைப் போட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டிருந்தார்கள். அந்தக் குழாயின் நடுவில் ஓர் இணைப்பு இருக்கும். அது கழன்றால் வெளிக்காற்று நெஞ்சுக்குள் போய் நுரையீரல் சுருங்கிவிடும். அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். குண்டும் குழியுமான பாதையில் இணைப்பு கழன்றுகொண்டே இருந்ததாம். கூடப்போன நேர்ஸ் அதைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். கந்தளாய் தாண்டியதும் ஒரு பெரிய குழி. கை விலகிவிட்டது. மறுநாள் அவர் எங்கள் அறைக்கு வந்து, உள்ளங்கையில் பதிந்திருந்த வட்டத் தழும்பைக் காட்டினார். "நான் பிடிச்சுக்கொண்டுதான் போனனான்" என்று மட்டும் சொன்னார். அந்த விவசாயி வழியிலேயே இறந்துபோயிருந்தார்.

அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினோம். இரண்டு பக்கமும் குழாய் மாட்டும் ஒரு பித்தளை முனை. உடம்புக்குள் போவது எதுவும் அதனூடாகப் போவதில்லை, வெளியே வருவதுதான் வருகிறது என்பதால் பெரிய டொக்டரும் பித்தளைக்குச் சம்மதித்தார். புத்தகத்தில் இருந்தபடி பக்கத்துக்கு நான்கு பல்வரிசை வைத்து நான் படம் வரைந்தேன். நாயகம் அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது முனையோ, சோளன் பொத்தியோ?"

"புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு."

"புத்தகம் எழுதினவன் கந்தளாய் றோட்டில போகேல்ல."

ஆனாலும் வரைந்தபடியே கடைந்து தந்தார். அது கசிந்தது. குழாயை நீளவாட்டில் பிளந்து உட்பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. முதல் பல் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. அது குழாயை விரித்துவிட, பின்னால் இருந்த மூன்று பற்களும் சும்மா உரசிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு கூரான பல்லை வைத்து, அதற்குப் பின்னால் நீண்ட வழவழப்பான கழுத்து விட்டால் குழாய் திரும்பச் சுருங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று நான் சொன்னேன். அந்தப் பிடியின்மேல் ஒரு கூம்பு வளையத்தை நழுவவிட்டால், யாராவது குழாயை இழுக்கும்போது வளையம் பல்லின் பக்கம் வந்து இன்னும் இறுகும் என்று அவர் சொன்னார். பல் என்னுடையது. வளையம் அவருடையது. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பாதிக்குப் பாதி.

"இழுத்தா இறுகவேணும். கழண்டா அதுக்குப் பேர் முனையில்லை" என்று அவர் அடிக்கடி சொல்வார்.

செய்து முடித்த ஒவ்வொரு முனைக்கும் ஒரு சோதனை இருந்தது. இருபக்கமும் குழாய் மாட்டி, ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கத்தில் சைக்கிள் பம்மால் காற்று அடித்து, தண்ணீர் நிறைந்த வெள்ளைப் பேசினுக்குள் அமுக்குவோம். ஆளுக்கொரு கோப்பை பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொள்வோம். குடித்து முடியும்வரை பேசக் கூடாது. பேசுகிறவன் குமிழியைத் தவறவிடுவான் என்பது அவர் போட்ட சட்டம். ஒரு குமிழி வந்தாலும் முனை திரும்பக் கடைசலுக்குப் போகும். "தண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது, தாசன்" என்பார். தேறிய முனையின் தோளில் அடையாளம் குத்துவோம். அவர் சோதித்ததற்கு ஒரு சிறு கோடு. நான் சோதித்ததற்கு ஒரு புள்ளி. ஏன் இது என்று முதலில் கேட்டேன். "கசிஞ்சா ஆரைக் கேக்கிறதெண்டு தெரியவேணும்" என்றார்.

எட்டு முனைகள் வார்ட்டுக்குப் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. மேற்றன் இன்னும் இருபது கேட்டார். பித்தளை முடிந்துவிட்டது.

கந்தளாயில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் நானா இருந்தார். மூடப்பட்ட சீனி ஆலையிலிருந்து கழித்த சாமான்களோடு நல்ல பித்தளைத் தண்டுகள் அவரிடம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். பித்தளை கொண்டுவருவதென்றால் ஆஸ்பத்திரி மூலம் எடுத்த அனுமதிக் கடிதம் வேண்டும். அந்தக் காலத்தில் பற்றரி கொண்டுபோவதற்கே கடிதம் கேட்டார்கள். நான் கடிதத்துக்கு எழுதுவோம் என்றேன்.

"எழுதினா அடுத்த மாசம்தான் வரும். இந்தக் கிழமை ரெண்டு பேரை அனுப்பப் போகினமாம், அதே றோட்டால. நீர் நாளைக்குப் போட்டு வாரும்."

"மறிச்சா?"

"என்ர பேரைச் சொல்லும். நான் வந்து சொல்லுறன்."

நான் போனேன். நானா தண்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றித் தந்து, "தம்பி, கடிதம் கிடிதம் இருக்குத்தானே?" என்று கேட்டார். இருக்கிறது என்று பொய் சொன்னேன். நகரத்துக்குள் நுழையும் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தினார்கள். பதினொரு பித்தளைத் தண்டுகள். அவற்றைவிடப் பெரிய முட்டாள்தனம் என் சட்டைப் பையில் இருந்தது. கடையில் தண்டின் பருமனை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முனையின் படத்தைக் கொண்டுபோயிருந்தேன். உள்ளே துளை, கூரான நுனி, மேலே நழுவும் வளையம், ஒவ்வொன்றுக்கும் மில்லிமீற்றரில் அளவு. அதை நெஞ்சுக் குழாயின் முனை என்று அந்த ஆஸ்பத்திரிக்கு வெளியே யார் நம்புவார்கள்? அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவர்கள் என்னைவிட்டு இரண்டடி விலகி நின்றதிலேயே தெரிந்தது.

முகாமில் இரவு முழுவதும் நான் ஒரே கதையைத்தான் சொன்னேன். மறுநாள் காலை நாயகம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, நான் சிரித்துக்கூட இருப்பேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியும். "இவரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

"ஓம். எங்களோட வேலை செய்யிறவர்."

"இந்தப் படம்?"

அண்ணை அதைக் கையில் வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். வளையத்தின் அளவு அதில் அவருடைய கையெழுத்தில் இருந்தது. ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே கோடு போடும் வழக்கம் எங்கள் அறையில் அவர் ஒருவருக்குத்தான்.

"எனக்குத் தெரியாது ஐயா. இப்பிடி ஒண்டும் நாங்கள் செய்யிறேல்ல."

"பித்தளை வாங்க அனுப்பினீங்களா?"

"இல்லை."

"அண்ணை" என்றேன். அவர் திரும்பவில்லை. படத்தை நாங்கள் அலுமாரியில் வைக்கும்போது மடிப்பதுபோலவே நான்காக ஒழுங்காக மடித்து மேசையில் வைத்தார். அந்த நேரம் எங்கள் எட்டு முனைகளும் வார்ட்டில் எட்டுப் பேரின் நெஞ்சுக்குக் காவலாக இருந்தன. ஐந்தில் அவர் கோடு. மூன்றில் என் புள்ளி.

பதினான்கு மாதம் உள்ளே இருந்தேன். பெரிய டொக்டர் இரண்டு தடவை கடிதம் எழுதினார். ஒவ்வொரு தடவையும், "உன்னோடு வேலை செய்கிறவனே இல்லையென்று சொல்கிறானே" என்று என்னிடம் சொன்னார்கள். வெளியே வந்தபோது என் வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. அப்பா இறந்து ஏழு மாதமாகியிருந்தது. நான் பிடிபட்ட பிறகு டொக்டர் பித்தளைக்கு முறைப்படி அனுமதி கேட்டிருக்கிறார். கடிதம் ஒன்பது நாளில் வந்ததாம்.

அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள், பயந்துவிட்டார் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பயப்படாதவர் அந்த வருடங்களில் இந்த ஊரில் யார்? பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயப்படுகிறவர், "நான் வந்து சொல்லுறன்" என்று ஒருவனை அனுப்பியிருக்கக் கூடாது.

அதன்பிறகு அவரோடு பேசியது ஒரே ஒரு தடவை. மீன் சந்தையில் பக்கத்தில் வந்து நின்றார். தலை முற்றாக நரைத்திருந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். நான் சொல்லவேண்டியதைப் பல வருடங்களாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

"தாசன், வளையத்தை அரை மில்லிமீற்றர் நீட்டியிருக்கிறன். இப்ப இன்னும் நல்லாப் பிடிக்குது."

"மீன் வாங்க வந்தனான்" என்று சொல்லிவிட்டு மீன் வாங்காமலே வந்துவிட்டேன்.

மலருக்கு எழுதச் சொல்ல வந்த அன்று பரிமளம் அக்கா கைலேஞ்சித் துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பித்தளை முனை. தோளில் ஒரு கோடும் பக்கத்தில் ஒரு புள்ளியும். நான் பிடிபட்டதற்குப் பிறகு அவர் செய்த எல்லா முனைகளிலும் இப்படி இரண்டும் இருப்பதாக அக்கா சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கையில் தழும்போடு வந்த அந்த நேர்ஸ் இப்போதும் வார்ட்டில்தான் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். தட்டில் இருந்த ஆறு முனைகளைக் காட்டினார். ஆறிலும் கோடும் புள்ளியும் இருந்தன.

"இது என்னத்துக்கெண்டு சொன்னவரோ அக்கா?" என்று பரிமளம் அக்காவிடம் நான் அன்றே கேட்டிருந்தேன்.

"நானும் கேட்டனான். 'கசிஞ்சா ரெண்டு பேரையும் கேக்கட்டும்' எண்டவர். வேற ஒண்டும் சொல்லேல்ல."

இரண்டு கிழமையாக அந்த வாக்கியத்தோடு இருக்கிறேன். ஒருநாள் அது மன்னிப்பாகத் தெரிகிறது. மறுநாள், முனை கசிந்து யாராவது செத்தால் பழியில் பாதியை முன்கூட்டியே என் தலையில் போட்ட தந்திரமாகத் தெரிகிறது. நான் சோதிக்காத முனையில் என் புள்ளியைக் குத்த அவருக்கு யார் உரிமை கொடுத்தது? இரண்டு பேரையும் கேட்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. அன்று அவர் எனக்கு ஆறடி தூரத்தில் நின்றார்.

நேற்று மத்தியானம் அந்த முனைக்குக் குழாய் மாட்டி, எங்கள் வீட்டுப் பேசினுக்குள் அமுக்கி, சைக்கிள் பம்மால் காற்று அடித்தேன். பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு இருந்தேன். கசிய வேண்டும் என்று விரும்பினேன். இதையும் உள்ளபடியே எழுதுகிறேன். ஒரு குமிழி, ஒரே ஒரு குமிழி வந்திருந்தால் எனக்குப் போதும். கோப்பை முடிந்தது. இன்னொன்று ஊற்றினேன். அதுவும் முடிந்தது. குழாயைப் பிடித்துப் பலமாக இழுத்தேன். வளையம் நகர்ந்து இறுகியது. தண்ணீர் அசையாமல் இருந்தது.

மலரின் முகப்பில் அவர் படத்துக்குக் கீழே கோட்டையும் புள்ளியையும் சேர்த்து அச்சடிக்கலாமா என்று பரிமளம் அக்கா கேட்டனுப்பியிருக்கிறார். கோட்டை மட்டும் போடுங்கள் அக்கா. அது அவருடையது, அவர் அதற்கு முழுக்கத் தகுதியானவர். என் புள்ளியை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

முனையில் குத்தியிருப்பதை மட்டும் பிரித்தெடுக்க ஏலாது. அதை நான் வைத்திருக்கிறேன்.