கடல் எண்பத்தேழு டிகிரி

எண்பதுகளின் பிற்பாதியில், மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடலாய்வு அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கப்பலில் காந்த நாடாவில் பதிவான கடல்நீரின் வெப்பநிலையை எங்கள் புதுக் கம்ப்யூட்டரில் படிக்கும் புரோகிராமை நான்தான் எழுதினேன். முதல் அச்சுத்தாளில் கடல் ஓரிடத்தில் எண்பத்தேழு டிகிரி. அடுத்த இடத்தில் உறைகிற குளிர்.

"கப்பலில் கருவியைக் கையாண்டவர் சொதப்பிவிட்டார்" என்று அதிகாரியிடம் சொன்னேன். என் புரோகிராமைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கையாண்டவர் பள்ளுருத்திக்காரர். என்னைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவர், என்னைவிட மூத்தவர். மறுநாள் என் மேசைக்கு வந்தார்.

"நான் தெத்து ஒண்ணும் செய்யல, சார். ஒவ்வொரு தடவையும் வாளியில தண்ணி கோரி, சாதா தெர்மாமீட்டர் வெச்சும் பாத்து எழுதியிருக்கேன். இந்த நோட்டை ஒண்ணு பாருங்கோ."

"பார்க்கிறேன்" என்று வாங்கி மேசை டிராயரில் போட்டேன். அடுத்த வாரம் கப்பல் அவர் இல்லாமல் கிளம்பியது.

அது திரும்பியபோது, வேறொருவர் எடுத்த பதிவிலும் கடல் கொதித்தது. அப்போதுதான் நோட்டைத் திறந்தேன். முதல் வரியில் பென்சிலில் 28.5 என்று இருந்தது. நாடாவில் அது நூறால் பெருக்கி 2850 என்று, இரண்டு பைட்டுகளாக: 11, 34. பதினொன்றை 256-ஆல் பெருக்கி முப்பத்துநான்கைக் கூட்ட வேண்டும். கப்பல் கம்ப்யூட்டர் எண்ணின் பெரிய பாதியை முதலில் எழுதும். எங்களுடையது சின்னதை முதலில் எதிர்பார்க்கும். வரிசை புரண்டு 8715, அதாவது எண்பத்தேழு டிகிரி, ஆகியிருந்தது. திருத்த நான்கே வரிகள் போதும்.

"புரோகிராமில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன், இப்போது சரியாக வருகிறது" என்றேன் அதிகாரியிடம். தவறு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிடுவது என்றுதான் பள்ளுருத்திக்குப் போனேன். அவர் மனைவி சாயா கொண்டுவந்து வைத்தார்.

"உங்க ரீடிங் எல்லாம் சரியா வந்துடுச்சு" என்று ஆரம்பித்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கஷ்டப்பட்டு நேராக்கினதாக்கும், இல்லையா சார்? இல்லேன்னா என் பேரே போயிருக்கும்."

சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த பயணத்துக்கு அவரைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன், சேர்த்தார்கள். காரணமாக 'அனுபவம் உள்ளவர்' என்று மட்டும் எழுதியிருந்தேன். பிறகு அலுவலகத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், "இந்த சார்தான் அன்னைக்கு என்னைக் காப்பாத்தினது" என்று என்னைக் காட்டிச் சொல்வார். நான் திரையிலிருந்து தலையை எடுக்கமாட்டேன்.