குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு மாமா

குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் வேறு கோளுக்குப் போய்விடும் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆங்கில நகைச்சுவைப் படவரிசைதான் எங்கள் வீட்டின் தனிப் பண்டிகை. மூன்று படங்கள், அவர்களுடைய நாய்க்கென ஒரு கிளைப்படம், பக்கத்து வீட்டாருக்கென இன்னொன்று. ஒவ்வொன்றையும் வெளியான முதல் சனிக்கிழமையே, ஜாலான் புசாருக்கு அருகிலுள்ள ஒரு கடைத்தொகுதித் திரையரங்கில் நாங்கள் மூவரும் பார்த்திருக்கிறோம்.

நடு இருக்கை அப்பாவுடையது. முதல் படம் வந்தபோது அம்மாவுக்கு ஆங்கிலம் பிடிபட்டிருக்கவில்லை. திரையின் அடியில் ஓடியவையோ சீன எழுத்துகள். எனவே அப்பா காதோரமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். இப்போது அம்மா குழந்தைப் பராமரிப்பு நிலையமொன்றில் நாள் முழுவதும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார். ஆயினும் அந்தக் கிசுகிசுப்பு நிற்கவில்லை. அப்பாவின் தமிழில், பெட்டிக்குள் வாழும் ரோபோ புக்கிட் பாத்தோக்கிலிருக்கும் என் பெரிய மாமாவாகிவிடும். திரையில் அது விண்கல்லைப் பற்றி எச்சரிக்கும். அம்மாவின் காதிலோ, யாரும் டீ தரவில்லை என்று புலம்பும்.

சென்ற ஆண்டு ஆறாவதாக, அந்த ரோபோவுக்கே தனிப்படம் வந்தது. அதே வாரம் அப்பாவின் குரல் போயிற்று. கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அவர். பாதி வேலை கத்துவதுதான். கிசுகிசுக்கவும் கூடாது என்றுவிட்டார் மருத்துவர்.

“அப்ப வேணாம். உங்க அப்பா சொல்லாம அது என்ன படம்?” என்றார் அம்மா.

அப்பா என்னை நோக்கிக் கை காட்டினார்.

“இவளா? வாயத் தொறந்தா முத்து கொட்டிடும்னு இருக்கறவளாச்சே!”

உண்மைதான். வகுப்பில்கூட, வாக்கியத்தை மனத்துக்குள் முடித்த பிறகே கை உயர்த்துபவள் நான். ஆனால் இந்த முறை போகாவிட்டால், இனி ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று தோன்றியது.

“நான் சொல்றேம்மா.”

அப்பாவின் நடு இருக்கையில் அமர்ந்தேன். ரோபோவைக் குப்பைக் கோள் ஒன்றில் விட்டுவிட்டுக் குடும்பம் பறந்துவிடுகிறது. ஒரு சொல்லும் சிந்தாமல் மொழிபெயர்த்தேன்: “என் பயன்பாட்டுக் காலம் முடிந்துவிட்டதெனக் கருதுகிறீர்களா?”

“என்னடி, ரேடியோல நியூஸ் வாசிக்கிற? இங்கிலீஷ் எனக்கே புரியுது. அண்ணன் என்ன சொல்றாரு, அத சொல்லு.”

அடுத்த வசனத்தையும் அப்படியேதான் மொழிபெயர்த்தேன். அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படம் பிடிக்காதபோது அவர் செய்வது அது. அப்பா திரையைப் பார்ப்பதை விட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ரோபோ, உடைந்த சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது.

“ஏம்மா,” என்றேன், மாமாவின் மூக்கால் பேசும் குரலில். “பஸ் மாறி மாறி இவ்ளோ தூரம் வந்திருக்கேன். ஒரு டீ உண்டா? உக்காருங்கன்னு சொல்ல ஒரு ஆள் உண்டா? இதெல்லாம் ஒரு கோளா லா?”

“அய்யோ, அண்ணனேதான்!” அம்மா வாய்விட்டுச் சிரித்தார். முன்வரிசைப் பெண்மணி திரும்பினார். மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை நான் மனத்துக்குள் முடிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்: “கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, எங்களுக்கும் கேக்கட்டும்.”

அப்பாவின் தோள்கள் சத்தமின்றிக் குலுங்கின. இடைவிடாது பேசினேன். பாதியில் அவர் தம் தொண்டை மிட்டாயைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு தேக்கா உணவங்காடியில், குரல் போன இருவருக்கும் அம்மா இஞ்சி டீ வாங்கி வைத்தார். கையோடு மாமாவைக் கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

“அண்ணே, படம் பாத்தோம். நீங்க பிரமாதமா நடிச்சிருந்தீங்க!”

“என்ன படம்? என்னைய யாருமே கூப்பிடலையே. இப்ப எங்க, டீ குடிக்கிறீங்களா?”

அப்பா கைப்பேசியைச் சுட்டினார், பிறகு என்னைச் சுட்டினார். இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்தினார்.