முதல் திரி

எனக்கு வெடிச் சத்தம் என்றால் உயிர் என்று எங்கள் தெருவில் யார் கிளப்பிவிட்டார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். விமானப்படையில் குண்டு போட்டவர், வெடி அவருக்குப் பழகின சங்கதி என்பது இவர்கள் கணக்கு. ராஜபாளையத்தில் வீடு கட்டிக் குடிவந்த காலத்திலிருந்தே, தெருவில் எதற்குச் சரவெடி விரித்தாலும் முதல் திரியைப் பற்றவைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக்காரர் வருகை, சாவு, எல்லாவற்றுக்கும். சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வெடி போட இவர்களுக்குக் காரணம் வேண்டுமா என்ன.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குத் தன்னடக்கம் என்று பெயர் வைத்தார்கள். எரிகிற ஊதுபத்தியை என் கையில் திணித்துவிட்டு, போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள். நான் குனிந்து பற்றவைத்துவிட்டு வேகமாக வீட்டுக்குள் போய்விடுவேன். வயதான மனுஷன், புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்கும் அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

எழுபத்தொன்றாம் வருடப் போரில் நான் ஓட்டியது கான்பெரா என்கிற குண்டுவீச்சு விமானம். அதில் இரண்டு பேர். நான் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பேன், நேவிகேட்டர் மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்துக் குறி பார்ப்பார். அவர் இடது என்றால் இடது, நேராக என்றால் நேராக. கீழேயிருந்து எவன் சுட்டாலும் அந்தக் கொஞ்ச நேரம் நான் இம்மிகூட விலகக் கூடாது. குண்டுகள் கழன்றதும் பாரம் குறைந்து விமானம் ஒரு எம்பு எம்பும், இருக்கை கீழேயிருந்து முட்டும். குண்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த முட்டல்தான். அந்த உயரத்தில், அந்த இன்ஜின் இரைச்சலில், காதை அடைத்த ஹெல்மெட்டோடு வேறு என்ன தெரியும்? நான் போட்ட ஒரு குண்டின் சத்தத்தைக்கூட நான் கேட்டதில்லை. இதைச் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த சரத்தை விரிக்கப் போய்விடுவார்கள்.

போருக்குப் பிறகு இன்னும் சில வருடங்கள் ஓட்டினேன். கண்பார்வை குறைந்ததைக் காரணம் காட்டி, இனி பறக்க வேண்டாம் என்று தரையில் உட்கார வைத்தார்கள். விலகி வந்து இங்கே ஒரு நூல் மில்லில் நிர்வாக வேலையில் சேர்ந்தேன். என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள், தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் அவள் ஊர்ச் சபைக்குத்தான் போவோம். எனக்கு இந்த ஊரில் பிடித்த ஆள் அவள் ஒருத்திதான்.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது, புத்தி மட்டும் அப்படியே இருந்தது. வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும், பிறகு அரை நாளைக்குச் சோறு இறங்காது. இன்னொரு தடவை ரத்த அழுத்தம் ஏறினால் தாங்க மாட்டார்கள், அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பினார். அமைதிக்கு நான் எங்கே போவேன்?

வாழ்க்கையில் யாரிடமும் போய் நிற்காதவன், வீடு வீடாகப் போய், தெருவில் வெடி வேண்டாம் என்று கேட்டேன். எதிர்வீட்டுக்காரர்தான் தெருச் சங்கத்துக்குச் செயலாளர். பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் வைத்திருக்கிறார். டீச்சருக்காக இதுகூடச் செய்ய மாட்டோமா என்று உருகினார். அந்த வாரமே அவர் கட்சித் தலைவருக்குப் பிறந்தநாள் என்று என் வாசலுக்கு நேரே சரம் வெடித்தது. குண்டு போட்டவர் வீட்டில் வெடிக்குப் பயமாம் என்று டீக்கடையில் அவர் சொல்லிச் சிரித்ததும் என் காதுக்கு வந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே உட்காரவைத்து டீ கொடுத்து, என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

பிறகு எதிர்வீட்டுக்காரரின் அப்பா இறந்தார். நல்ல மனுஷன், மாலை வாங்கிப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். சாயங்காலம் தூக்கும் நேரத்தில் அவர் வாசலிலிருந்து என் கேட்டைத் தாண்டிச் சரத்தை விரித்துவிட்டு, வழக்கம்போல ஊதுபத்தியோடு வந்து என்னைக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். தெருமுனைக்குப் போய் வெடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அப்பாவை வீட்டு வாசலில் வெடி இல்லாமல் எடுத்தால் சொந்தக்காரன் காறித் துப்புவான் என்றார் எதிர்வீட்டுக்காரர். உள்ளே கட்டிலில் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்து, அந்தச் சரம் முழுவதையும் நனைத்துவிட்டேன்.

சாவுக் கொட்டு நின்றுவிட்டது. சாவு வீட்டு வெடியில் தண்ணீர் ஊற்றுவது இங்கே பிணத்தின் முகத்தில் ஊற்றுவதற்குச் சமம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்றினேன். நாலு பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அவர்களைக் கையால் தடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"எம்புட்டுப் பேரு தலையில போட்டுட்டு வந்தீய சார். எங்கப்பனுக்கு ஒரு சரம் பொறுக்க மாட்டீயளா?"

ஹோஸிலிருந்து என் காலில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர்கள் வெடி இல்லாமலேயே அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உள்ளே போனால், அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஜன்னலை மூடச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டி என்னை உட்காரச் சொன்னாள். குழறிக் குழறித்தான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

"எம்புட்டுப் பேருன்னு நானும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே. எம்புட்டுப் பேரு?"

தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. எதிரி விமான ஓடுதளத்தின் படத்தைக் காட்டி அனுப்பினார்கள், போட்டேன், திரும்பினேன். கீழே யார் இருந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு எதிர்வீட்டுக்காரர் மேல்தான் ஆத்திரம் வந்தது. என் வீட்டுக்குள் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து போட்டவர் அவர்தானே.

அதன் பிறகு தெரு எங்களை ஒதுக்கியது. இஸ்திரிக்காரர் எங்கள் வீட்டில் நிற்காமல் தாண்டிப் போனார். வெடி கூடியது, வேண்டுமென்றே கூட்டினார்கள். நான் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு வெடிக்கும் அவள் உடம்பு தூக்கிப் போடும். போகப் போக எனக்கும் தூக்கிப் போட்டது. அதைக் கவனித்துவிட்டு அவள் ஒரு நாள் தன் நல்ல கையை என் காதின்மேல் பொத்தி வைத்தாள். அவளுக்காகத்தான் ஜன்னலை அடைக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளும் மறுத்துப் பேசவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலையில் போய்விட்டாள். வெடியால் அல்ல, அன்று தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அப்பா அம்மா பக்கத்திலேயே கல்லறை தோண்டச் சொல்லியிருந்தேன். சபையிலிருந்து போதகர் வந்து ஜெபம் பண்ணினார். தெருக்காரர்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்களே தவிர யாரும் உள்ளே வரவில்லை. பெட்டியை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். என் கேட்டுக்கு வெளியே, ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் சிவப்பாக ஒரு சரம் விரிந்து கிடந்தது. அதன் தலைமாட்டில் எதிர்வீட்டுக்காரர் செருப்பில்லாமல் நின்றார். கையில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.

அது மரியாதையா, பழி தீர்ப்பா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. அவர் முகத்தில் இரண்டுமே இருந்தன. ஊதுபத்தியை என் பக்கம் நீட்டினார், நான் கை நீட்டவில்லை.

"இனிமே டீச்சருக்குக் கேக்காது சார்," என்றார்.

"எனக்குக் கேக்கும்," என்றேன்.

அவர் ஊதுபத்தியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு, குனிந்து அந்தச் சரத்தைச் சுருட்டத் தொடங்கினார். நீளமான சரம், அவர் சுருட்டி முடிக்கும் வரை வேன் காத்துக்கொண்டு நின்றது.

இன்றும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. தெருவில் வெடி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதற்குக் குறைவில்லை. முதல் திரிக்கு மட்டும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. சத்தம் கேட்டால் நான் ஜன்னலை அடைத்துவிட்டு, அவள் கட்டிலில் உட்கார்ந்து, என் காதை நானே பொத்திக்கொள்கிறேன்.