பூனைக்கும் சேர்த்து ஒரு வீடு

கல்யாணமாகி அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு வந்தபோது என்னோடு ஒரு பூனையும் வந்தது. சாம்பல் நிறம். ஓலைக் கடகத்தில் போட்டு, மேலே துணி கட்டி, மாட்டுவண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். எனக்கோ அந்நியர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச வராது. பகல் முழுக்க அந்தப் பூனையோடுதான் பேச்சு. அது இல்லாவிட்டால் பேசவே மறந்துபோயிருக்கும்.

வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்டால், "பிள்ளை இல்ல, பூனை ஒண்ணு உண்டு" என்பார். அதோடு முடிந்தது.

"பத்துப் பிள்ளையோட வந்தாக்கூட வீடு தாரேன். பூனை மட்டும் ஆவாது. வெளிய கிளம்புத நேரம் குறுக்க வந்தா ஒரு காரியம் வெளங்குமா?" என்றாள் ஒரு அம்மாள். இன்னொரு வீட்டில் உறியிலிருந்த பாலைச் சுட்டிக் காட்டியே அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் குற்றாலத்தில் இடம் கிடைத்தது. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குச் சாரல் காலத்தில் விடுகிற வீடு. மற்ற மாதங்களில் பூட்டித்தான் கிடக்கும். காவல்காரர் பூனையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "சாரல் விழுந்தா அன்னைக்கே காலி பண்ணிரணும்" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் அங்கிருந்து தினமும் தென்காசிக்கு நடந்து போய்வந்தார். அங்கே பூனைக்குக் குரங்குகளிடம் பயம். அவை ஓட்டில் குதிக்கிற சத்தம் கேட்டால் என் முந்தானைக்குள் வந்து புகுந்துகொள்ளும்.

ஆனி பிறந்ததும் ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேகம் இறங்கினால் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வீட்டைக் காலி பண்ணுகிற நாள் வந்துவிட்டதே என்றிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மீன்கடைப் பக்கம் விட்டா பொழச்சுக்கிடும்லா?" என்றார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூனை அவர் பக்கத்தில் உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கவளத்தை அதற்கு உருட்டி வைத்துவிட்டு, "சரி, அழாத. இன்னும் ரெண்டு தெரு கேட்டுப் பாக்கேன்" என்றார்.

சாரல் விழுந்த அன்றைக்கே தென்காசியில் ஒரு வீட்டின் பின்கட்டு கிடைத்தது. வீட்டுச் சொந்தக்காரருக்குச் செங்கோட்டையிலிருந்து மிளகு வாங்கி வந்து விற்கிற வியாபாரம். நாங்கள் போன நேரம் அவர் ஊரில் இல்லை. அவர் சம்சாரம்தான் கடகத்தின் துணியை விலக்கிப் பார்த்து, "எலி ராச்சியமால்லா கெடக்கு இங்கன. வரட்டும்" என்றாள். அவளை அக்கா என்றே கூப்பிட்டேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

எங்கள் கட்டிலிருந்து தெருவுக்குப் போக ஒரே ஒரு குறுகலான முடுக்குதான் வழி. அக்காவின் புருஷன் அண்ணாச்சியும் அதே முடுக்கு வழியாகத்தான் விடிகாலையில் ரயிலுக்குக் கிளம்புவார். பூனைக்கும் அதே நேரத்தில்தான் எதிர்த் தொழுவத்துக்குப் போக வேண்டும். அண்ணாச்சி ஊரிலிருந்து வந்த மறுநாளே பூனை அவருக்கு முன்னால் குறுக்கே போயிற்று. சகுனம் சரியில்லை என்றால் வீட்டுக்குள் திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அவரும் அப்படியே செய்தார். அன்றைக்கு ரயில் தப்பவில்லை. அடுத்த நாளும் குறுக்கே போயிற்று. அதற்கு அடுத்த நாள் ரயில் போயேவிட்டது.

அண்ணாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"தம்பி, நீரு இரும். பூனை இருக்கக் கூடாது. மாசம் முடியட்டும், அதுக்குள்ள ஒரு வழி பண்ணிரும்."

கதவுக்குப் பின்னால் பூனையை அணைத்துக்கொண்டு நின்றேன். அப்போது முடுக்கில் அக்காவின் சத்தம் கேட்டது.

"அது எங்கயும் போவாது."

"ஏட்டி, வண்டி போயிட்டுன்னு சொல்லுதேன், நீ என்னமோ..."

"போவட்டும். கல்யாணம் முடிஞ்சு இத்தனை வருசத்துல காலையில என் கூட உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியளா? எந்திரிச்சா துண்டு, துண்டை எடுத்தா ரயிலு. இந்த மூணு நாளாத்தான் மனுசன் உக்காந்து என் மூஞ்சியைப் பாக்குதாரு. நேத்து, உனக்குக் காது வலி தேவலையான்னு கேட்டிய. காது வலி வந்து மாசம் மூணாச்சு!"

என் வீட்டுக்காரர் துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"சிரிக்காதீரும் தம்பி," என்றார் அண்ணாச்சி.

"சிரிக்கல அண்ணாச்சி."

"சிரிக்கீரு." அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பூனை இருக்கலாமா கூடாதா என்று சொல்லவில்லை.

அவர் மனம் எப்படி இருக்கிறதோ என்று பயந்து, மறுநாள் விடியும் முன்னே நான் பூனையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். அது கதவைப் பிராண்டிக் கத்திக்கொண்டிருந்தது. முன்கட்டில் அண்ணாச்சி தொண்டையைச் செருமுவது கேட்டது. உடனே யாரோ என் கதவை விரல் நுனியால் தட்டினார்கள். திறந்தால் அக்கா. தலை சீவி, பூ வைத்திருந்தாள்.

"என்னட்டி, இன்னும் அதை வெளிய விடலையா?" என்றாள் மெதுவாக. "அவுக செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பாம வாசல்லயே நிக்காவ. சீக்கிரம் விடு."